அப்பாவின் செட்டிங்ஸ்

“மத்த ப்ரோகிராமை எங்கே வேணா இன்ஸ்டால் பண்ணுங்க. இந்த செஸ் விளையாட்டு மட்டும் நான் சொல்ற இடத்துலதான் போகணும்.”

பால்கனிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் மகன் இதைச் சொன்னான். கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் தலையைச் சொறிந்தார்.

“டி டிரைவ்ல ‘மின்சார பில்’னு ஒரு ஃபோல்டர் போடுங்க. அதுக்குள்ள ‘பழையது’. அதுக்குள்ள ‘ரொம்பப் பழையது’. அதுக்குள்ள போட்டுட்டு, இந்த பென் டிரைவ்ல இருக்கிற செட்டிங்ஸை அப்படியே இறக்கிடுங்க. பேக்கப் எடுத்து வச்சிருக்கேன்.”

“மத்த ஃபைலெல்லாம் போயிடுச்சே சார்?”

“போகட்டும். என் கல்யாண போட்டோவே போனாலும் பரவாயில்ல. இது முக்கியம். அப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாது.”

சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான்.

ரிப்பேர்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற அப்பனுக்குத் தெரியாமல் ஒரு விளையாட்டைப் பதுக்கி வைக்கிறானே, இவனெல்லாம் ஒரு பிள்ளையா?

ஹாலில் பெரியவர் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தயாராக இருந்தார்.

“இந்தக் கம்ப்யூட்டர் என்கிட்ட ஒரு ஆட்டம்கூட ஜெயிச்சதில்லப்பா. மாடி வீட்டு டாக்டர் ஆட வந்தார். ‘உங்க தரத்துக்கு என்னால இறங்க முடியாது’ன்னு திருப்பி அனுப்பிட்டேன்.”

பாவம், வெள்ளை மனசு என்று நினைத்துக்கொண்டார் ரிப்பேர்காரர். பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டார். செஸ்ஸை எல்லா ப்ரோகிராமும் இருக்கிற இடத்திலேயே இன்ஸ்டால் செய்தார்.

“ஐயா, உங்க கண்ணு முன்னாடியே போட்டாச்சு. இனிமே யாரும் உங்ககிட்ட எதையும் மறைக்க முடியாது. ஆடுங்க!”

பெரியவர் ஆடினார். கண் மூடித் திறப்பதற்குள் தோற்றார்.

இன்னொரு ஆட்டம். அதுவும் போச்சு. அடுத்ததில் அவருடைய ராஜா மூலைக்கு ஓடி அங்கேயே மாட்டிக்கொண்டார்.

பெரியவர் மவுஸைத் தள்ளி வைத்தார்.

ரிப்பேர்காரருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. பென் டிரைவைச் செருகி அந்த செட்டிங்ஸைத் திறந்து பார்த்தார்.

‘ஆட்ட நிலை: ஐந்து வயதுக்குக் கீழ். கம்ப்யூட்டர் வேண்டுமென்றே தப்பு செய்ய வேண்டுமா: ஆம், அடிக்கடி.’

அடப்பாவி, இதற்குத்தானா! நல்லது செய்வதாக நினைத்து ஒரு மனுஷனின் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டுவிட்டோமே.

“ஐயா... அது வந்து... வைரஸா இருக்கும்...”

பெரியவர் குளியலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரிப்பேர்காரரின் கையைப் பிடித்துக் கிசுகிசுத்தார்.

“வைரஸாவது மண்ணாவது! அவன் வெளியே வர்றதுக்குள்ள அந்தப் பழைய குழந்தை ஆட்டத்தையே போட்டுடுப்பா.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“தானா வந்து ராணியை நீட்டுற எதிராளி எங்கப்பா இருக்கான்? அவங்க அம்மா போனதுக்கப்புறம் நான் இடிஞ்சு உட்கார்ந்திருந்தேன். அப்போ வாங்கிப் போட்டான். நான் ஜெயிச்சா போதும், ஆபீஸ்லேருந்து வந்த களைப்பெல்லாம் பறந்துடும் அவனுக்கு. கைதட்டிக் குதிப்பான்.”

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

“சீக்கிரம்ப்பா! அவனுக்காகத்தான் இதை ஆடித் தொலைக்கிறேன். எனக்கு இந்த செஸ்ஸே பிடிக்காது!”