ஓட்டை இல்லாத எழுத்து

கம்பியில் தொங்கிப் பள்ளத்தாக்கைக் கடக்க வந்தவர்கள் எல்லோரும் கைப்பேசியில் வந்த நிபந்தனைகளைப் படிக்காமலேயே ‘சம்மதம்’ என்று அழுத்தினார்கள். வக்கீல் தணிகாசலத்தின் மனைவி பூங்கோதை மட்டும் வரி விடாமல் படித்தாள். பக்கத்தில் நின்ற தணிகாசலத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இந்த நிறுவனத்துக்கு அதை எழுதிக் கொடுத்தவரே அவர்தான்; அது அவளுக்குத் தெரியாது. எதிர்த்தரப்பு வக்கீல்கள் தலைகீழாக நின்றும் இதுவரை அதில் ஓர் ஓட்டை கண்டுபிடித்ததில்லை.

“ஏங்க, இவங்க கவனக்குறைவால உயிரே போனாலும் கேள்வி கேக்க முடியாதாம். இத எழுதுனவனுக்குப் புள்ளகுட்டி இருக்காதா?”

“இருக்கும். ஆனா கெட்டிக்காரன்,” என்றார் மீசையைத் தடவியபடி. கைப்பேசியை வாங்கி, பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகளுக்காக அவரே சம்மதத்தை அழுத்தினார்.

மகள் கையசைத்துவிட்டுக் கிளம்பினாள். பள்ளத்தாக்கின் நடுவே, கம்பியில் ஓடும் கப்பி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. அவள் அந்தரத்தில் தொங்கினாள். பூங்கோதை ஆட்களைக் கூப்பிட்டு அலறியது அவர் காதில் விழவில்லை. கைப்பேசியைத் திறந்து, முதல் வரியிலிருந்து ஓர் ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஒன்றுகூட அகப்படவில்லை. அவ்வளவு கச்சிதமாக எழுதியிருந்தார்.