கிளைட்டன் ஓங்கிய கட்டை

ஜெமீலின் கைப்பேசியில் ஓடிய பண்ணைக் கெமராப் படத்தில் கிளைட்டன் கட்டையை ஓங்கினான். கேபிளைப் பிடித்தபடி ஈரச் சேற்றில் குந்தியிருந்த இன்சாபின் மணிக்கட்டில் அது விழுந்தது. இரும்பு அலவாங்கு காலடியிலேயே கிடக்க, காய்ந்த கட்டையைத்தான் தேடி எடுத்திருந்தான். இரண்டாவது அடியோடு படம் உறைந்து நின்றது.

முந்தல் ஊரில், இறால் பண்ணைக்குப் போகும் ஒழுங்கை முகப்பில் இருந்த தேநீர்க் கடையில் ஜெமீல் கோப்பையைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"என்ன நானா?" என்றார் கடைக்கார நிஸார்.

"எண்ட மகன வேலக்காரன் கொல்றான்!"

நிஸாரின் மோட்டார் சைக்கிளில் விரைந்தார்கள்.

"கிளைட்டனா? மகனுக்குக் காய்ச்சல் எண்டோன இளநி பறிச்சிக் குடுத்தவன்தானே?"

"அதெல்லாம் நடிப்பு! இந்தக் கிழம முழுக்கக் கெமரா லைன் விட்டு விட்டுப் போகுது. தண்ணி கலக்குற மோட்டார் சுத்துற நேரம்தான் போகும். அந்தச் சத்தத்துல கேபிள நோண்டிட்டு றால் களவெடுக்கிறான். இண்டைக்கு மகன் கையும் களவுமாப் பிடிச்சிட்டான்."

"உப்புக் காத்துல கேபிள் இத்துப் போயும் ஈக்கும் நானா."

"நானே நிண்டு மோட்டார் வயரோட சேத்து இறுக்கிக் கட்டினது. எப்பிடி இத்துப் போகும்?"

பண்ணையில் மோட்டார்கள் தண்ணீரை அடித்துக் கலக்கிக்கொண்டிருந்தன. வரம்பில் இன்சாப் மல்லாந்து கிடந்தான். அவன் மேல் குனிந்து, இரண்டு கைகளாலும் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தான் கிளைட்டன்.

ஜெமீலின் உதை அவனது விலாவில் விழுந்தது.

"முதலாளி, முதல்ல..."

வாயைத் திறந்தவனின் முகத்தில் குத்து விழுந்தது. பல் உடைந்து வாய் நிறைய இரத்தம். ஜெமீல் அதே கட்டையை எடுத்து முதுகிலும் தோளிலும் விளாசினார். கிளைட்டன் திருப்பி அடிக்கவில்லை. இன்சாபின் மேல் அடி படாதபடி கவிழ்ந்துகொண்டான்.

"அல்லாஹ்வுக்காக விடுங்க நானா! மௌத்தாப் போயிருவான்!" நிஸார் கிளைட்டனை இழுத்து ஒருபக்கம் போட்டார்.

"போகட்டும் நாய்!"

அப்போது இன்சாப் இருமினான். "வாப்பா..."

கட்டையை வீசிவிட்டு ஜெமீல் மகனிடம் பாய்ந்தார். இருவருக்கும் இடையில் அந்தக் கேபிள் அறுந்து கிடந்தது. அதை எடுத்து எறியக் குனிந்தார்.

குற்றுயிராய்க் கிடந்த கிளைட்டன் எழுந்து பாய்ந்தான். பின்னாலிருந்து ஜெமீலின் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுக்க, இருவரும் சேற்றில் விழுந்தார்கள்.

"இன்னும் திமிரு அடங்கல்லயாடா?" ஜெமீல் மறுபடி கையை ஓங்கினார்.

கிளைட்டன் இரத்தத்தைத் துப்பினான். பிடியை மட்டும் விடவில்லை.

"கேபிளத் தொடாதீங்க முதலாளி, தம்பியப் பிடிச்ச கரண்ட் இன்னும் அதுல ஓடுது!"