லைசென்ஸ் புதுப்பிக்கும் நாள்

"ஆபீசர் கண்டுபிடிச்சுட்டா லைசென்ஸ் போயிடும். அப்புறம் சோத்துக்கு என்ன வழி?" என்றார் டிக்கெட் ஜன்னலில் இருந்த கணவர்.

"கண்ணு மங்கினா என்னங்க, காலுக்கு வழி தெரியும்."

சொல்லிவிட்டாளே தவிர, வழிகாட்டியம்மாளுக்கும் அந்தப் பயம் இருந்தது. இருபது வருடமாக அந்த மலையிடுக்குக்குள் ஆட்களை அழைத்துப் போகிறவள். ஆறு மாதமாகப் பாறையும் நிழலும் அவளுக்கு ஒன்றாகவே தெரிகின்றன.

அதிகாரி வந்தார். "முன்னாடி நடங்கம்மா. ஒவ்வொரு அடிக்கும் வாய்விட்டுச் சொல்லிட்டே போகணும்."

"இங்க பள்ளம் சார். இப்பக் குனியணும். வலது பக்கம் பாறையப் பிடிச்சுக்குங்க."

அவள் கால் எடுத்த இடத்திலேயே அவர் கால் வைத்தார். சரியான விடாக்கண்டனிடம் மாட்டிக்கொண்டோம் என்று அவளுக்கு வியர்த்துக் கொட்டியது.

சுற்றி முடித்து வாசலுக்கு வந்ததும், "பிரமாதம்மா. இன்னும் மூணு வருஷத்துக்குக் கவலையில்லை" என்று காகிதத்தை நீட்டினார். "கையெழுத்து எங்க போடணும்? என் விரலை அந்த இடத்துல வெச்சுவிடுங்க."

அவள் திகைத்தாள். "உங்களுக்குமா சார்?"

"மெதுவாப் பேசுங்கம்மா. ரிட்டயர் ஆக நாலே மாசம்தான் இருக்கு."

"அப்போ, மேல தொங்குற பாறையில விரிசல் இல்லைன்னு போன வாரம் நீங்க எழுதிக் குடுத்தது?"

அதிகாரி அவசரமாகப் பேனாவை மூடினார்.

டிக்கெட் ஜன்னலில் பள்ளிப் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது. வழிகாட்டியம்மாள் காகிதத்தை அவர் கையிலேயே திணித்துவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு அங்கே போனாள்.

"ஏங்க, டிக்கெட் குடுக்கிறதை நிறுத்துங்க. ஏன்னு கேட்டா, எனக்குக் கண்ணு தெரியலைன்னே சொல்லுங்க."