சுவரைப் பார்த்த கட்டில்

மார்ச் 9. அப்பாவின் இதய ஆபரேஷன் முடிந்து பதினேழாம் நாள். பிழை ஒன்று: நேற்று மாலை 4.10-க்கு அப்பா இருமினார் என்று எழுதியிருக்கிறேன். இருமியது மாமா.

அடித்துத் திருத்திவிட்டு மகள் நோட்டை மூடினாள். மாலை நேர முதலுதவி வகுப்பில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது, அதற்குள் வீட்டிலேயே ஒரு நோயாளி. எதையாவது தப்பாகச் செய்து தொலைத்துவிடுவோமோ என்ற பயத்தில், அப்பாவின் தும்மலைக்கூட விடாமல் எழுதி வைத்தாள். எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவது வேறு அவள் வழக்கம். அப்பா அவளுக்கு வைத்த பெயர் ‘ரிஜிஸ்டர்’.

அந்த அப்பாதான் மூன்று நாளாக வாயைத் திறக்கவில்லை.

கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்லிக் கையைக் காட்டினார். சுவரைப் பார்த்துச் சாய்ந்துகொண்டார். யாராவது அறைக்குள் காலை வைத்தால் போதும், இருமும்போது அணைத்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் கொடுத்த குட்டித் தலையணையை நெஞ்சோடு இறுக்கிக்கொள்வார். முகம் போர்வைக்குள் போய்விடும். தோள் இரண்டும் குலுங்கும்.

லிஃப்ட் மெக்கானிக் அவர். ஒன்பதாவது மாடியில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே பாட்டுப் பாடுகிற மனிதர். அவர் அழுகிறார்.

மகள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

“நெஞ்செலும்பையே அறுத்துக் கம்பி போட்டுக் கட்டியிருக்கோமேம்மா,” என்றாள் நர்ஸ். “சில பேருக்கு மனசு விட்டுப்போகும். நாளைக்குச் செக்கப்ல டாக்டர் பார்ப்பார். இப்படியே இருந்தா திரும்ப வார்டுல சேர்க்கச் சொல்லலாம். சாப்பிடுறாரா?”

“தட்டை வச்சுட்டு நாங்க வெளியே வந்துட்டா வழிச்சுச் சாப்பிடுறார். பக்கத்துல நின்னா ஒரு வாய் இறங்கல.”

‘வார்டு’ என்ற சொல்லைக் கேட்டதும் அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “பத்து நாள் அந்தப் பெஞ்சுல படுத்தவடி நான். மறுபடியும் முடியாது.”

எல்லாம் எப்போது ஆரம்பித்தது? மகள் நோட்டைப் புரட்டினாள். மார்ச் 6, காலை.

அன்றைக்குத்தான் அம்மாவின் தம்பி வந்திருந்தார். பாஸ்போர்ட் போட்டோ எடுப்பவர். நாள் முழுக்க ஜனங்களை அசையாதே, பல்லைக் காட்டாதே என்று அதட்டி அதட்டி, அவர் முகமும் எந்நேரமும் பாஸ்போர்ட் போலத்தான் இருக்கும். கையை ஊன்றினால் எலும்பு கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், கை ஊன்றாமல் எழுவது எப்படி என்று காட்ட சோபாவில் உட்கார்ந்தார்.

“நல்லாப் பாத்துக்குங்க மச்சான். ஒண்ணு, ரெண்டு, மூணு!”

சோபா அவரை விழுங்கியது. இரண்டு காலும் மேலே நின்றன. இழுக்கப் போன அம்மாவும் உள்ளே போனாள். மகள் பக்கத்தில் நின்று கடமை தவறாமல் எழுதியிருந்தாள்: ‘11.20: மாமா எழவில்லை. 11.24: அம்மாவும் எழவில்லை.’

அப்போது தலையணையோடு அறைக்குள் போனவர்தான் அப்பா.

மகளுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. “நல்லா இருக்கிறவங்களே எந்திரிக்க முடியல, நாம எங்க தேறப்போறோம்னு அப்பா மனசு உடைஞ்சுட்டார், மாமா!”

மாமாவின் முகம் சுண்டிப்போயிற்று. “உடைச்சவன் நானு. நானே ஒட்டவச்சுடறேன்.”

மாலை ஆறு மணிக்கு மூன்று பேரும் சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்த சந்தில் வரிசையாக நின்றார்கள். அப்பா அவசரமாகப் போர்வையை இழுத்தார். அம்மா விடவில்லை, பிடுங்கிக்கொண்டாள்.

“என்னங்க, எதுவா இருந்தாலும் வாயைத் திறந்து சொல்லிடுங்க. என் தம்பி மேல கோவமா? நாலு அறை விடுங்க. அவன் வாங்கிக்குவான்.”

“அறைய வேண்டாம் மச்சான், பாருங்க போதும்,” என்று மாமா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அதில் தன்னைத் திணித்துக்கொண்டார். “இதே மாதிரி நீங்களும் ஒரு நாள் எந்திரிப்பீங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு!”

எழுந்துவிட்டார்! கூடவே நாற்காலியும் எழுந்தது. பின்னால் கவ்விக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. பெருமையாக ஒரு சுற்றுச் சுற்றினார். நாற்காலியின் கால் அம்மாவின் முதுகில் இடித்தது.

“யாருடா அது தள்றது?” என்று சுவரைப் பார்த்துச் சீறினாள் அம்மா.

மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். “6.05: மாமா எழுந்தார். நாற்காலியும்.”

கட்டிலே ஆடியது. அப்பா தலையணையை நெஞ்சோடு நசுக்கினார். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. தொண்டையிலிருந்து கேவல் போல ஏதோ கிளம்பியது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். மகள் ஓடிப் போய் நாடியைப் பிடித்தாள். எண்ணிக்கை மூன்று முறையும் தவறியது.

“அழாதீங்கப்பா! திரும்ப வார்டுல சேர்த்துடுவாங்கப்பா!”

அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டே நோட்டைத் தொட்டார். மூன்று நாளில் முதல் தடவையாக வாய் திறந்தது.

“எழுது... நாளைக்குச் செய்ய வேண்டியது...”

“சொல்லுங்கப்பா.” மகள் பேனாவை எடுத்தாள்.

“பத்து மணிக்குச் செக்கப்... நீங்க மூணு பேரும் வேற வண்டியில வரணும்... சிரிச்சா வலிக்குதும்மா!”