எழுபத்திரண்டு மணி நேர இருட்டு

"எழுபத்தொரு மணி நேரம், நாற்பது நிமிஷம்! இன்னும் இருபதே நிமிஷம். கொஞ்சம் சிரியேம்மா" என்றார் பாஸ்கர்.

சுஜீவா சிரிக்கவில்லை. மேசை மேல் இருந்த கறுப்புப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை முதல் அதற்குள் கும்மிருட்டில் கிடந்தது அவள் வடிவமைத்த சிப். அரை அரிசி அளவு. பேட்டரி கிடையாது. வெயிலில் சேர்த்துவைத்த துளி மின்சாரத்தை, இருட்டில் சிக்கனமாகச் செலவழித்து உயிர் வாழ வேண்டும். பெட்டியிலிருந்து மீட்டருக்கு ஒரு மெல்லிய வயர் போயிற்று. சிப் உயிரோடு இருக்கிறது என்று காட்ட, பத்து விநாடிக்கு ஒருமுறை மீட்டரில் பச்சை விளக்கு மின்னியது.

மின்னும்போதெல்லாம் அவள் பார்வை அந்த வயர் மேல் போயிற்று.

"அதையே முறைக்காதே, கண் பட்டுடும். சனி ஞாயிறாவது தூங்கினியா?"

"இல்லையண்ணா. குசினியில இருந்தனான்."

"குசினியா? ஓ, கிச்சன்! ரெண்டு நாளா சமைச்சியா? எனக்கு ஒரு டப்பா கொண்டு வரணும்னு தோணல பாரு."

"அண்ணா... ஒரு விசயம்..."

"எல்லாம் அப்புறம். அவங்க வந்துட்டாங்க."

மெல்பேர்னில் பாஸ்கர் நடத்திய அந்தச் சின்ன நிறுவனத்துக்கு இருந்த ஒரே நம்பிக்கை இன்றைய ஒப்பந்தம்தான். அது கைநழுவினால் மூடுவிழா. வேலை போனால் சுஜீவாவின் விசாவும் போய்விடும். சில மாதங்களில் கொழும்புக்கு விமானம் ஏற வேண்டும். அங்கே இறங்கியதும் புலனாய்வுக்காரர்கள் விசாரணைக்குப் பிடித்துக்கொள்வார்கள் என்பது அவள் பயம்.

உள்ளே வந்தவர் ஷெரில். மலைக்கிராமம் ஒன்றின் ஊர்ச் சங்கச் செயலாளர். போன வருடக் காட்டுத்தீயில் அக்காவைப் பறிகொடுத்தவர். காட்டு மரங்களில் இந்தச் சிப்புகளைப் பொருத்தினால், அனல் பட்டதுமே ஊருக்குச் செய்தி வரும்.

"அன்றைக்குப் பட்டப்பகலில் புகை மூடி இருட்டிவிட்டது" என்றார் ஷெரில் ஆங்கிலத்தில். "மூன்று நாள் வெயில் இல்லாவிட்டாலும் இது விழித்திருக்குமா?"

"நீங்களே பாருங்கள்" என்று பாஸ்கர் கடிகாரத்தைக் காட்டினார்.

எழுபத்திரண்டு. பச்சை விளக்கு மின்னியது.

பாஸ்கர் கைதட்டினார். ஷெரில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். சட்டென்று நிறுத்தி, சுஜீவாவின் கையைப் பிடித்தார்.

"சிப்பைச் செய்தவள் நீதானே? நீ சொல், மகளே. இனி நான் பயமில்லாமல் தூங்கலாமா?"

விளக்கு இன்னொரு முறை மின்னியது.

"தூங்காதீர்கள்" என்றாள் ஆங்கிலத்தில்.

"சுஜீவா! என்ன பேசற நீ?"

அவள் பாஸ்கர் பக்கம் திரும்பினாள்.

"இதைப்போலவே செய்த மற்றச் சிப்பைச் சனிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுபோய், குசினி அலுமாரிக்குள்ள இருட்டில வைச்சுப் பாத்தனான், அண்ணா. வயர் ஒண்டும் இணைக்கேல்லை. ஒன்பது மணித்தியாலத்தில சிக்னல் நிண்டு செத்துப்போச்சு. இது இன்னும் சாகாததுக்குக் காரணம் அந்த மீட்டர் வயர்தான். அதுக்குள்ளால கசியிற கரண்டைக் குடிச்சுத்தான் இது மூண்டு நாளா உயிரோட இருக்கு."