வேறு கம்பெனிக்காரி

வீட்டு மின்கம்பி வழியாகவே மாடிக்கு இன்டர்நெட் அனுப்பும் வெள்ளை அடாப்டருக்கு அன்று ஒரே கோபம். கருகிப்போன அதன் மாடி ஜோடிக்குப் பதிலாக, வேறு கம்பெனிக் கறுப்பு அடாப்டரை அங்கே செருகியிருந்தார்கள்.

"உன் பேச்சு எனக்குப் புரியாதுடி. நமக்குள்ள ஒத்துவராது," என்றது வெள்ளை, கீழேயிருந்து.

"ஒத்துவரலைன்னா என்னைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துடுவாங்க, அக்கா. கொஞ்சம் முயற்சி பண்ணிப் பாருங்களேன்."

"எதுக்கு? வேற கம்பெனின்னா வேற பாஷை. இதுல என்ன சந்தேகம்?"

"அப்போ காலையிலேருந்து நாம எந்தப் பாஷையில சண்டை போடுறோம்?"

வெள்ளை திகைத்தது. ஃபிரிட்ஜின் உறுமலையும் மிக்ஸியின் அலறலையும் தாண்டி, சுவருக்குள் இருட்டில் ஓடும் கம்பியில், முன்பின் தெரியாத ஒருத்தியின் குரல் ஒரு சொல்கூடச் சிந்தாமல் தன்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதன் முகத்தில் இணைப்பின் பச்சை விளக்கு எரிந்தது.