மண்பாதையில் நின்றவள்

மண் தோண்டும் எக்ஸ்கவேட்டரின் சத்தம் வளைவுக்கு அப்பால் கேட்டதுமே எவ்லின் மண்பாதையின் நடுவில் போய் நின்றுகொண்டாள். குடியிருப்பின் மறுகோடியில் இருக்கும் ஷாமளா இரண்டு தரம் கூப்பிட்டும் ஓரமாக வந்து உட்காரவில்லை. விடிந்ததிலிருந்தே அவளால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

மலேசியாவின் கோத்தா திங்கியில் அவர்களுடைய ஆற்றோரக் குடியிருப்புக்கும் செம்பனைத் தோட்டத்துக்கும் நடுவே மிச்சமிருந்தது அந்தத் துண்டுக் காடு ஒன்றுதான். வெள்ளக் காலத்தில் வீட்டுக்குள் வர வேண்டிய தண்ணீரில் பாதியை அது வாங்கிக்கொள்ளும். அதை அழித்து வீடு கட்ட ஒரு கம்பெனி துடித்தது. காட்டை அப்படியே விட்டு, உள்ளே நடைபாதை போட்டு, ஆற்றின் மேல்பக்கத்து வனத்தோடு இணைக்கலாமே என்று குடியிருப்புக்காரர்கள் கேட்டிருந்தார்கள்.

முடிவெடுக்கும் முன் இடத்தைப் பார்க்க இன்று மத்தியானம் அரசாங்க அதிகாரிகள் வருகிறார்கள். அதற்குள் மரங்கள் விழுந்துவிட்டால் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது.

“அவங்க வர்றதுக்குள்ள தள்ளிடலாம்னு பார்க்குறானுங்க,” என்றாள் ஷாமளா. “ஆமா, இன்னைக்கு மெஷின் வருதுன்னு யாருக்குமே தெரியாதே. உனக்கு மட்டும் யாரு சொன்னா?”

எவ்லின் கைபேசியை எடுத்துப் பார்த்தாள்; மறுபடியும் பைக்குள் போட்டாள்.

மஞ்சள் இயந்திரம் செம்மண்ணைப் பிதுக்கிக்கொண்டு வந்தது. பின்னாலேயே சூப்பர்வைசர் ஹேமநாதனின் பிக்கப். பாதையில் ஒருத்தி நிற்பதைப் பார்த்ததும் எக்ஸ்கவேட்டர் ஓட்டுநர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். எவ்லினைக் கண்டதும் அவன் முகம் இறுகியது.

“தள்ளி நில்லு,” என்று கத்தினான். “சேறு வழுக்குது பாரு.”

“முன்னப்பின்ன தெரியாத பொம்பளைய வா, போன்னு பேசுறான் பாரு,” என்று பொரிந்தாள் ஷாமளா.

எவ்லின் நகரவில்லை. “ஏறிப் போய்யா,” என்று பின்னாலிருந்து ஹேமநாதன் குரல் கொடுத்தான். இரும்புக் கை மேலே எழும்பியது. இயந்திரம் இன்னும் கொஞ்சம் முன்னால் வந்தது. நிறுத்த மாட்டானோ என்ற சந்தேகம் அப்போதுதான் முதன்முதலாக அவளுக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

இரும்புக் கை அவளுக்கு முன்னால் மெதுவாகத் தரையில் இறங்கியது. இன்ஜின் நின்றது. காட்டுக்குள் சில்வண்டுகளின் இரைச்சல் திடீரென்று பெரிதாகக் கேட்டது.

ஹேமநாதன் ஓடிவந்தான். “ஏன்யா நிறுத்துன? கிட்டப் போனா தானா ஓடிடுவாங்க. ஓட்டு.”

“முடியாது பாஸ்.” ஓட்டுநர் சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினான்.

“சாவியக் குடு. இன்னையோட உனக்கு வேலை இல்ல.”

“வேலை போகட்டும். சாவிய ஆபீஸ்ல வந்து தர்றேன்.”

ஹேமநாதன் வேறு ஓட்டுநரைத் தேடி ஊரெல்லாம் போன் போட்டான். தம்போயிலிருந்து ஒருவன் வருவதாகச் சொன்னான்; வழியில் நெரிசல் என்றான்; பிறகு போனையே எடுக்கவில்லை. வெயில் உச்சிக்கு ஏறியது. எவ்லின் அதுவரைக்கும் உட்காரவே இல்லை.

கடைசியில் வளைவில் திரும்பி வந்தது அதிகாரிகளின் வெள்ளை வண்டி. அதிலிருந்து இறங்கியவர்கள் நிமிர்ந்து நிற்கும் மரங்களையும் அவற்றுக்கு எதிரே நிற்கும் இயந்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருவர் படம் எடுத்தார். ஷாமளா முந்திக்கொண்டு அவர்களைக் காட்டுக்குள் கூட்டிப் போனாள்.

எல்லாம் கைவிட்டுப் போன ஆத்திரத்தில் ஹேமநாதன் ஓட்டுநர் பக்கம் திரும்பினான்.

“எத்தனை சைட்ல எத்தனை பேரு மறிச்சிருக்காங்க. அப்பல்லாம் நிறுத்தாதவன், இந்த ஒரு பொம்பளைக்கு ஏன்யா இப்படிப் பயப்படுற?”

ஓட்டுநர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு எவ்லினைப் பார்த்தான்.

“இவகூடத்தான் பாஸ் நான் வீட்டுக்குப் போகணும்.”